வீட்டு விலை ஏறினால் வரி ஏறுமா? கிளேர்மான்ட் நகரத்தை வைத்து அமெரிக்கச் சொத்து வரி ஒரு விளக்கம்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கடையில் பொருள் வாங்கினால் விற்பனை வரியும் கிடையாது. வட்டி, டிவிடெண்ட் வருமானத்தின் மீது இருந்த வரியையும் 2025 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டு, பாஸ்டன் பக்கம் வேலை பார்ப்பவர்கள் எல்லை தாண்டி அங்கே வீடு தேடுவது வழக்கம் (மாசசூசெட்ஸில் போய் உட்கார்ந்து வேலை செய்தால் அந்தச் சம்பளத்துக்கு மாசசூசெட்ஸ் வரி கட்டியே ஆகவேண்டும், அது வேறு விஷயம்). சொத்து வரி பில் கைக்கு வரும்போதுதான் கணக்கு புரியாமல் விழிப்பார்கள்.

அந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில், கிளேர்மான்ட் என்று ஒரு நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 13,000. சுகர் ஆறு விழுந்து ஓடும் சரிவில் ஒரு காலத்தில் துணி ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் இருந்தன; இன்று அவை பெரும்பாலும் பழைய செங்கல் கட்டடங்களாக நிற்கின்றன. 2010களின் இறுதியில் இந்த ஊரின் சொத்து வரி, ஆயிரம் டாலர் மதிப்புக்கு 40 டாலரைத் தாண்டியிருந்தது. மாநிலத்திலேயே உச்சத்தில் இருந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அதே ஊரின் பள்ளி மாவட்டத்தில் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) 2025 ஆகஸ்டில் பல மில்லியன் டாலர் பற்றாக்குறை இருப்பது தெரியவந்து, பணியிடங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. கணக்கு வைப்பில் இருந்த கோளாறுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இவ்வளவு வரி வாங்கும் ஊரில் பள்ளிக்குக் காசு எப்போதுமே இழுபறியாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கோளாறு மட்டும் பதில் ஆகாது.

உங்கள் வீட்டு வரியை முடிவு செய்வதில் உங்கள் வீட்டுக்கு இருக்கும் பங்கைவிட, உங்கள் ஊர் எல்லைக்குள் வேறு என்னென்ன சொத்து இருக்கிறது என்பதற்குத்தான் பங்கு அதிகம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

விகிதம் எங்கிருந்து வருகிறது

வருமான வரியில் விகிதம் முதலிலேயே சட்டத்தில் இருக்கும். வசூலாகிற தொகைதான் கூடக் குறைய வரும். நியூ ஹாம்ப்ஷயர் சொத்து வரியில் கணக்கு தலைகீழ். எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்பது முதலில் முடிவாகிறது, விகிதம் கடைசியில்தான் கிடைக்கிறது.

1. நகர மன்றம் நகர பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது. பள்ளி பட்ஜெட்டுக்குப் பெரும்பாலான ஊர்களில் வாக்காளர்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். கவுன்டி (பல ஊர்கள் சேர்ந்த, நம் மாவட்டம் போன்ற பகுதி) பட்ஜெட்டை அந்தக் கவுன்டியிலிருந்து தேர்வான மாநிலப் பிரதிநிதிகள் கூடி முடிவு செய்கிறார்கள்.

2. இந்தச் செலவுகளிலிருந்து, மாநில உதவி, வாகனப் பதிவுக் கட்டணம், மானியங்கள் போன்ற மற்ற வருமானங்களைக் கழிக்கிறார்கள்.

3. மிச்சம் இருப்பதுதான் சொத்து வரியாகத் திரட்ட வேண்டிய தொகை. ஆங்கிலத்தில் இதற்கு லெவி என்று பெயர்.

4. ஊரில் வரிக்கு உட்பட்ட வீடு, கடை, தொழிற்சாலை, காலி மனை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டுகிறார்கள். ஏப்ரல் 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

5. லெவியை மொத்த மதிப்பால் வகுத்து 1,000 ஆல் பெருக்கினால் விகிதம். இதை இலையுதிர் காலத்தில் மாநில வருவாய்த் துறை சரிபார்த்து அறிவிக்கிறது.

ஓர் ஊருக்கு 2 கோடி டாலர் திரட்ட வேண்டும், ஊரின் மொத்த மதிப்பு 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஆயிரத்துக்கு 20. மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு வரி 6,000. அடுத்த ஆண்டு மறுமதிப்பீடு நடந்து எல்லாச் சொத்தின் மதிப்பும் ஒரே சீராக இரட்டிப்பானால் மொத்தம் 200 கோடி, விகிதம் 10, உங்கள் வீடு ஆறு லட்சம், வரி அதே 6,000. ஹோட்டல் பில்லை நண்பர்கள் பங்கு போடுவது மாதிரிதான்: பில் தொகை மாறாதவரை, பங்கு போடும் முறையில் யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது என்பது மட்டுமே கேள்வி.

அப்படியானால் மறுமதிப்பீட்டுக்குப் பிறகு ஏன் அலறுகிறார்கள்

நியூ ஹாம்ப்ஷயர் அரசியல் சட்டப்படி குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் சொத்தையும் புதிதாக மதிப்பிட வேண்டும். எல்லா மதிப்பும் ஒரே சீராக ஏறினால் பிரச்சினையே இல்லை. ஏறுவதில்லையே!

கொரோனா ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டு விலை எகிறியது. அலுவலகக் கட்டடங்களும் கடைகளும் பல ஊர்களில் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒரு ஊரில் வீடுகளின் மதிப்பு 60 கோடி, வணிகச் சொத்து 40 கோடி என்றால் வரியில் வீட்டுக்காரர்கள் பங்கு 60 சதவீதம். வீடுகள் 50 சதவீதம் ஏறி 90 கோடி ஆகின்றன, வணிகச் சொத்து 10 சதவீதம் மட்டும் ஏறி 44 கோடி ஆகிறது. இப்போது வீட்டுக்காரர்கள் பங்கு 67 சதவீதம். நகராட்சி ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, ஆனாலும் சராசரி வீட்டு வரி ஏறத்தாழ 12 சதவீதம் கூடிவிட்டது. பக்கத்து மாசசூசெட்ஸில் வணிகச் சொத்துக்குத் தனியாக உயர்ந்த விகிதம் போட ஊர்களுக்கு அனுமதி உண்டு, பாஸ்டன் அப்படித்தான் செய்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு ஊருக்கு ஒரே விகிதம், எல்லோருக்கும். சுமை நகர்ந்தால் தடுக்க வழியில்லை.

வீடுகளுக்குள்ளேயும் இதே கதை நடக்கும். சின்ன, மலிவான வீடுகளின் விலை விகிதத்தில் அதிகமாக ஏறியிருந்தால், ஊரில் வசதி குறைந்தவர்கள்தான் கூடுதல் பங்கைச் சுமப்பார்கள். மறுமதிப்பீடு முடிந்ததும் மேயர் பேட்டி கொடுத்து "விகிதம் குறைந்துவிட்டது" என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லெவி எவ்வளவு கூடியது, உங்கள் வீட்டு மதிப்பு ஊர்ச் சராசரியைவிட அதிகமாக ஏறியதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் பில் ஏன் தூக்கிவாரிப் போடுகிறது

பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு பில். ஜூலை பில் அனுப்பும்போது அந்த ஆண்டின் விகிதம் இன்னும் முடிவாகியிருக்காது, அதனால் போன ஆண்டு வரியில் பாதியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். விகிதம் வந்த பிறகு, முழு ஆண்டு வரியிலிருந்து ஜூலையில் கட்டியதைக் கழித்துவிட்டு மிச்சத்தை டிசம்பரில் கேட்பார்கள்.

போன ஆண்டு வரி 7,000, இந்த ஆண்டு 7,800 என்று வைத்துக்கொண்டால், ஜூலையில் 3,500, டிசம்பரில் 4,300. பில்லைப் பார்ப்பவர் ஒரே பில்லில் 800 டாலர் கூடிவிட்டது, இரண்டு பில்லுக்கு 1,600 என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போன் போடுவார். உண்மையில் ஆண்டு முழுவதற்கும் கூடியதே 800தான், அது மொத்தமும் டிசம்பர் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்த ஜூலை பில் 3,900 என்று இறங்கி வரும். வரி குறைந்துவிட்டது என்று அப்போது சந்தோஷப்படுவதிலும் அர்த்தமில்லை.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. கடன் கொடுத்த நிறுவனமே மாதாமாதம் வரிப் பணத்தையும் சேர்த்து வசூலித்து எஸ்க்ரோ கணக்கில் வைத்திருந்து நகராட்சிக்குக் கட்டும். டிசம்பரில் எதிர்பார்த்ததைவிட அதிகம் போய்விட்டால் எஸ்க்ரோவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பவும், அடுத்த ஆண்டின் உயர்ந்த வரிக்கு ஈடுகட்டவும் சேர்த்து மாதத் தவணையை ஏற்றுவார்கள். நிலையான வட்டிக் கடன்தானே, தவணை எப்படி மாறியது என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பில்லில் இருக்கும் நான்கு வரிகள்

பில்லைப் பிரித்துப் பார்த்தால் நான்கு விகிதங்கள் தெரியும்: நகரம், கவுன்டி, உள்ளூர்ப் பள்ளி, மாநிலக் கல்வி. போலீஸ், தீயணைப்பு, பனி அகற்றுவது, சாலை எல்லாம் முதலாவதில் வந்துவிடும். கவுன்டி பங்கு சிறியது. பள்ளி தொடர்பான இரண்டையும் கூட்டினால் பொதுவாகப் பாதிக்கு மேல் போகும். ஆகவே அங்கே சொத்து வரி பற்றிய சண்டை எப்போதுமே பள்ளிக்கூடச் சண்டையாகவும் இருக்கும்.

ஊர் எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஒரே மாநிலத்தில் இரண்டு ஊர்கள், இரண்டிலும் பள்ளிக்கு 2 கோடி டாலர் வேண்டும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் ஊர் பழைய ஆலை நகரம். ஆலைகள் மூடிவிட்டன, மொத்த மதிப்பு 80 கோடி. இரண்டாவது ஏரிக்கரை ஊர். கரையோரம் முழுக்கப் பாஸ்டன், நியூயார்க் பணக்காரர்களின் கோடைக்கால வீடுகள், மொத்த மதிப்பு 400 கோடி. அந்தக் கோடை வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படிப்பதுமில்லை. முதல் ஊரில் பள்ளி விகிதம் ஆயிரத்துக்கு 25, இரண்டாவதில் 5. ஒரே மாதிரியான மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு அங்கே 7,500, இங்கே 1,500.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1994-95 பள்ளி ஆண்டில், சந்தை மதிப்புக்குச் சமப்படுத்திய பள்ளி விகிதம் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் ஆயிரத்துக்கு 25.26 டாலர். வின்னிபெசாக்கி ஏரிக்கரையில் இருக்கும் மோல்டன்பரோவில் 5.56. ஆலன்ஸ்டவுனில் 26.47, கடற்கரை ஊரான ரையில் 6.86. இவை நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கும் எண்கள்.

ஏழை ஊர் அதிக விகிதம் போட்டும் குறைவாகத்தான் திரட்ட முடிகிறது என்பது இதன் அடுத்த கட்டம். அதிக விகிதத்தைப் பார்த்து வீடு வாங்க வருபவர்கள் தயங்குகிறார்கள், தொழில் தொடங்க வருபவர்களும்தான். அதனால் சொத்து மதிப்பு ஏறுவதில்லை, மதிப்பு ஏறாததால் விகிதம் இறங்குவதில்லை. கிளேர்மான்ட் போன்ற ஊரில் மருத்துவமனை, தேவாலயம், அரசுக் கட்டடம் எல்லாம் ஊருக்கு நடுவே இடம்பிடித்து நிற்கும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொத்து வரி கிடையாது. எஞ்சிய வீடுகள்தான் சுமக்க வேண்டும்.

கிளேர்மான்ட் பெயரில் இரண்டு தீர்ப்புகள்

கிளேர்மான்ட், ஆலன்ஸ்டவுன், ஃபிராங்க்ளின், லிஸ்பன், பிட்ஸ்ஃபீல்ட் ஆகிய ஐந்து பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து மாநிலத்தின் மீது வழக்குப் போட்டன. 1993-இல் முதல் தீர்ப்பு: ஒவ்வொரு குழந்தைக்கும் போதுமான கல்வி தருவதும் அதற்குப் பணம் உறுதி செய்வதும் மாநிலத்தின் அரசியல் சட்டக் கடமை. 1997 டிசம்பரில் இரண்டாவது தீர்ப்பு, இதுதான் முக்கியமானது. கல்வி மாநிலத்தின் கடமை என்றால், அதற்காக வசூலிக்கும் சொத்து வரி, ஊர்கள் வசூலித்தாலும், உண்மையில் மாநில வரிதான். மாநில வரி என்றால் மாநிலம் முழுக்க ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆகவே ஒரு ஊருக்கு ஒரு விகிதம் செல்லாது. சுற்றி வளைக்காத தர்க்கம்.

மாநிலம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். வருமான வரியோ விற்பனை வரியோ கொண்டுவர மாட்டேன் என்று தேர்தலில் நிற்பவர்கள் உறுதிமொழி கொடுப்பது அங்கே அரை நூற்றாண்டு வழக்கம், இரண்டு கட்சியிலும். அந்தக் கதவு சாத்தியாயிற்று. எனவே 1999-இல் மாநிலக் கல்விச் சொத்து வரி என்று ஒன்றை உருவாக்கினார்கள், ஆரம்ப விகிதம் ஆயிரத்துக்கு 6.60 டாலர். பில்லில் நான்காவதாக வரும் வரி அதுதான். ஏரிக்கரை, கடற்கரை ஊர்களில் இந்த விகிதத்தில் வசூலித்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கணக்குக்கு மேல் உபரி வந்தது. உபரி மாநிலத்துக்குப் போனது. அந்த ஊர்களுக்கு "நன்கொடை ஊர்கள்" என்று பெயர் விழுந்தது, போர்ட்ஸ்மத் முதலான ஊர்கள் ஒரு கூட்டணியே அமைத்துப் போராடின.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார்கள். ஆண்டுக்கு 36.3 கோடி டாலர் என்று வசூல் தொகை சட்டத்தில் நிலைத்தது. மற்ற செலவுகள் ஏறிக்கொண்டே போக இது மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது. 2011-இல் சட்டத்தை மாற்றி, உபரியை அந்தந்த ஊரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெயரில் மாநில வரி, நடைமுறையில் பழையபடி உள்ளூர் வரி. என்னைக் கேட்டால், 1997 தீர்ப்பின் உயிரை எடுத்தது இந்தத் திருத்தம்தான். ஆனால் இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழக்கு, மாநிலம் ஒரு மாணவருக்குத் தரும் அடிப்படைத் தொகை போதுமா என்பது பற்றி. 2023 நவம்பரில் கீழ் நீதிமன்றம், குறைந்தது 7,356.01 டாலர் வேண்டும் என்றது. அப்போது மாநிலம் தந்துகொண்டிருந்தது 4,100 டாலர் சொச்சம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மாநிலம் தருவது போதாது என்பதை ஒப்புக்கொண்டது, ஆனால் உடனே கட்டு என்று உத்தரவு போடவில்லை, சட்டமன்றத்தின் பொறுப்பில் விட்டது. ஒரு மாணவருக்கு மாநிலச் சராசரிச் செலவு 20,000 டாலருக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால், இடைவெளியை எந்தப் பையிலிருந்து நிரப்புகிறார்கள் என்பது தெரியும்.

கட்ட முடியாதவர்களுக்கு

சொத்து வரிக்கும் உங்கள் வருமானத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஓய்வூதியத்தில் இருக்கும் முதியவருக்கு இதுதான் பெரிய அடி. சலுகைகள் உண்டு: வருமான, சொத்து வரம்புக்குள் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு மதிப்பில் விலக்கு, முன்னாள் படைவீரர்களுக்கு வரிக் கழிவு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாநிலக் கல்வி வரியில் மட்டும் கொஞ்சம் திருப்பித் தருவது. எல்லாவற்றுக்கும் மனுப் போட வேண்டும், தானாக வராது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு பில் வராது, வாடகையில் ஏறி வரும்.

கட்டாவிட்டால் முதலில் 8 சதவீத வட்டி. அப்புறம் நகராட்சி சொத்தின் மீது பிடிமானம் (பாக்கிக்கு அந்தச் சொத்தே ஈடு என்ற சட்ட உரிமை) போட்டு 14 சதவீதம். அதன் பிறகு இரண்டு ஆண்டுக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் வீட்டின் பத்திரமே நகராட்சி பெயருக்கு மாறலாம். வீட்டை விற்று, பாக்கிக்கு மேல் கிடைத்த பணத்தை அரசு தானே வைத்துக்கொள்ள முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அது மினசோட்டா வழக்கு. 15,000 டாலர் பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் கவுன்டியே வைத்துக்கொண்டிருந்தது.

மதிப்பீடு தவறு என்று நினைத்தால்

விகிதத்தை எதிர்த்து மனுப் போட முடியாது, உங்கள் வீட்டின் மதிப்பை எதிர்த்துப் போடலாம். முதல் வேலை, நகராட்சி மதிப்பீட்டு அலுவலகத்தில் உங்கள் வீட்டின் சொத்துப் பதிவு அட்டையை வாங்கிப் படிப்பது. எத்தனை சதுர அடி, எத்தனை குளியலறை, கட்டுமானத் தரம், தேய்மானம், ஜன்னலிலிருந்து மலையோ ஏரியோ தெரிந்தால் அதற்குக்கூட ஒரு மதிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். பாதி முடித்த நிலவறையை முழுக்க முடித்த அறையாகப் பதிவு செய்திருப்பது, இடித்துத் தள்ளிய கொட்டகை இன்னும் கணக்கில் நிற்பது, இப்படியான பிழைகள்தான் எளிதில் ஜெயிக்கும்.

சந்தை விலையை ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டைச் சந்தையில் மூன்று லட்சத்துக்கு விற்கலாம், நகராட்சி மதிப்பு 2,80,000 என்றால், குறைவாகத்தானே போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கடைசி மறுமதிப்பீட்டுக்குப் பிறகு விலைகள் ஏறி, அந்த ஊரில் சொத்துகள் பொதுவாகச் சந்தை விலையில் 80 சதவீதத்துக்கே மதிப்பிடப்பட்டிருக்கலாம். இந்தச் சதவீதத்தை ஒவ்வொரு ஊருக்கும் மாநிலம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அப்படியானால் உங்கள் வீட்டின் நியாயமான மதிப்பு 2,40,000. ஊரார் எல்லோரும் 80 சதவீதத்துக்குக் கட்டும்போது நீங்கள் மட்டும் 93 சதவீதத்துக்குக் கட்டுகிறீர்கள், மனுப் போட முழுக் காரணம் இருக்கிறது. தலைகீழாக, மதிப்பு அதிகம் என்று மனுப் போடப்போய், ஊர்ச் சராசரியோடு ஒப்பிட்டால் குறைவுதான் என்று தெரிந்து திரும்புகிறவர்களும் உண்டு.

தேதிகள் கறாரானவை:

1. இறுதி பில் வந்த பிறகு, மார்ச் 1-க்குள் நகராட்சியிடம் வரிக் குறைப்பு மனு.

2. ஜூலை 1-க்குள் நகராட்சி பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் மறுத்ததாகவே பொருள்.

3. செப்டம்பர் 1-க்குள் மாநில வரி மற்றும் நில மேல்முறையீட்டு வாரியத்துக்கோ சுப்பீரியர் நீதிமன்றத்துக்கோ போகலாம். இரண்டில் ஒன்றுதான்.

மனு நிலுவையில் இருக்கிறது என்று பில் கட்டாமல் இருக்கக்கூடாது, வட்டி ஏறிக்கொண்டே போகும். முழுத் தொகையையும் கட்டிவிட்டுக் காத்திருங்கள். ஜெயித்தால் கூடுதலாகக் கட்டியதை வட்டியோடு திருப்பித் தருவார்கள். அந்தப் பணத்துக்காக ஊர் ஒவ்வொரு ஆண்டும் லெவியிலேயே ஒரு தொகையை முன்கூட்டிச் சேர்த்து வைக்கிறது, ஆக அதையும் கட்டியது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், அதில் நீங்களும் சேர்த்தி.